தவறிய விடையே பாடம்: மின்கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வுக்குத் தயாராகும் நம் இளைஞர்களுக்கு



கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே, தொழிலில் இருக்கும் தம்பிகளே! நம் வீடுகளில் ஒயரிங் வேலை தெரிந்த பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, ஒரு மேஸ்திரியோடு சேர்ந்து குழாய் பதித்து, வயர் இழுத்து, சுவிட்ச் போர்டு மாட்டித் தொழில் கற்றவர்கள் அவர்கள். கையில் வேலை இருக்கிறது. அந்த வேலை தெரியும் என்று சொல்ல ஒரு காகிதம் இல்லை. அந்தக் காகிதத்தைப் பெற நடத்தப்படும் தேர்வுக்கு எப்படித் தயாராவது என்பதைப் பற்றியது இந்தப் பாடம். குறிப்பாக, மாதிரித் தேர்வு எழுதும்போது தவறாகிப்போகும் விடைகளை என்ன செய்வது என்பதைப் பார்ப்போம்.

இந்தச் சான்றிதழ் எதற்கு?

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் 2010-இல் வந்தன. அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிமுறைகள் 2023-இல் வந்தன. இரண்டிலும் ஒரு விஷயம் மாறவில்லை. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை அதே அளவில் மாற்றிப் போடுவது தவிர, ஒரு கட்டடத்தில் புதிதாக ஒயரிங் செய்வதும், கூட்டுவதும், மாற்றுவதும் மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் மூலமாகவே நடக்க வேண்டும். வேலையை மேற்பார்வை செய்பவரிடம் தகுதிச் சான்றிதழும், கையால் செய்பவரிடம் அதற்கான அனுமதியும் இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் இந்தச் சான்றிதழ்களையும் உரிமங்களையும் கவனிப்பது தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம்.

ஐ.டி.ஐ. படிக்காமல் அனுபவத்தால் தொழில் கற்றவர்களுக்கு இருக்கும் வாசல்தான் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. மாநில வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, அரசு ஐ.டி.ஐ.க்கள் வழியாக இதை நடத்துகிறது. ஒயரிங் தொழிலில் 5 ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவமும், 21 வயது நிறைவும் வேண்டும். வயதுக்கு மேல் வரம்பு இல்லை. ஆகவே 40 வயது தாண்டிய அண்ணன்மார்களும் தாராளமாக எழுதலாம். விண்ணப்பத் தேதி, கட்டணம், இணைக்க வேண்டிய சான்றுகள் ஆகியவற்றை அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்தோ, தருமபுரி அரசு ஐ.டி.ஐ.யில் நேரில் கேட்டோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

தேர்வில் கேட்பது எழுத்தாக இருந்தாலும், வாயால் கேட்டாலும், கையால் செய்து காட்டச் சொன்னாலும், பாடம் ஒன்றுதான்: மின்சாரத்தின் அடிப்படை, வீட்டு ஒயரிங், எர்த்திங், பாதுகாப்பு, சோதனை. அதனால் கீழே சொல்லும் முறை எல்லா வகைக் கேள்விக்கும் பொருந்தும்.

மார்க் மட்டும் பார்த்தால் என்ன ஆகும்?

கடையில் கிடைக்கும் எலக்ட்ரீஷியன் வினா-விடைப் புத்தகம் ஒன்றை வாங்குகிறோம். 50 கேள்விகள் எழுதுகிறோம். பின்பக்கம் திருப்பி விடையைச் சரிபார்க்கிறோம். 31 சரி, 19 தவறு. "பரவாயில்லை, அடுத்த முறை கூடும்" என்று அடுத்த 50 கேள்விகளுக்குப் போகிறோம். அதில் 33 வருகிறது. அதற்கடுத்து 30. ஒரு மாதம் ஓடிவிடும். மார்க் அதே இடத்தில் நிற்கும்.

இதில் குறை பையனின் மூளையில் இல்லை, முறையில் இருக்கிறது. அந்த 19 தவறுகளையும் அவன் ஒரே பெயரில் "தவறு" என்று எழுதி ஒதுக்கிவிட்டான். வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? பல்பு போயிற்றா, ஹோல்டரா, சுவிட்சா, ஜாயின்ட் விட்டுப்போயிற்றா, மெயினே இல்லையா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறோம். காரணம் தெரியாமல் பல்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் விளக்கு எரியாது. தவறிய விடையும் அப்படித்தான். காரணத்தைப் பிரித்தால்தான் பழுது நீங்கும்.

அமெரிக்காவில் பொறியாளர் உரிமத்தின் முதல் படியாக ஒரு தேர்வு இருக்கிறது. 110 கேள்விகள், கணினியில் எழுதுவது. அதில் தேறாதவருக்கு, எந்தப் பாடப் பகுதியில் எவ்வளவு பலவீனம் என்று காட்டும் ஓர் அறிக்கையும் தருகிறார்கள். அடுத்த முறை எங்கே உழைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நாம் வீட்டில் எழுதும் மாதிரித் தேர்வுக்கு யாரும் அப்படி அறிக்கை தரப்போவதில்லை. அதை நாமே தயாரிக்க வேண்டும். ஒரு 80 பக்க நோட்டும் ஒரு பேனாவும் போதும்.

தவறுகளை நான்காகப் பிரியுங்கள்

முதல் வகை: பாடமே தெரியாதது.

கேள்வி: பைப் எர்த்திங் குழியில் கரியும் உப்பும் போடுவது எதற்கு? ஒரு தம்பி "குழாய் துருப்பிடிக்காமல் இருக்க" என்று குறிக்கிறான். இது தவறு. உப்பு உண்மையில் துருவை அதிகப்படுத்தும். கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். உப்பு மண்ணின் மின்தடையைக் குறைக்கும். கசியும் மின்சாரம் எளிதாகப் பூமிக்குள் இறங்கும். காரணம் புரிந்துவிட்டால், இதே பாடத்திலிருந்து வேறு எப்படிக் கேட்டாலும் சொல்லலாம். வத்தல்மலை போன்ற மலைப் பகுதியில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும் இடங்களில் எர்த் சரியாகக் கிடைப்பது ஏன் சிரமம், கோடையில் எர்த் குழியில் ஏன் தண்ணீர் ஊற்றுகிறோம் என்பதற்கும் இதே விடைதான். இந்த வகைத் தவறுக்கு மருந்து, புத்தகத்தில் அந்தப் பகுதியைத் திரும்பப் படிப்பது.

இரண்டாம் வகை: தெரிந்தும் கணக்கில் தவறியது.

கேள்வி: 230 வோல்ட்டில் வேலை செய்யும் 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் எத்தனை ஆம்பியர் எடுக்கும்? வாட்டை வோல்ட்டால் வகுக்க வேண்டும் என்று தம்பிக்குத் தெரியும். ஆனால் 2-ஐ 230-ஆல் வகுத்துவிட்டான். 2 கிலோவாட் என்பது 2000 வாட். 2000-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 8.7 ஆம்பியர். அதனால்தான் அதை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டக்கூடாது, 16 ஆம்பியர் பிளக் வேண்டும் என்கிறோம்.

இன்னொன்று: 60 வாட் பல்புகள் 5, தினம் 6 மணி நேரம், 30 நாள் எரிந்தால் எத்தனை யூனிட்? 60 × 5 × 6 × 30 = 54,000 வாட்-மணி. 1000 வாட்-மணி ஒரு யூனிட். ஆக 54 யூனிட். இங்கே 1000-ஆல் வகுக்க மறப்பவர்கள் அதிகம். இந்த வகைத் தவறுக்குப் பாடத்தைத் திரும்பப் படிப்பதால் பயன் இல்லை. அதே போன்ற பத்துக் கணக்குகளைப் போட வேண்டும். ஒவ்வொரு கணக்கிலும் முதல் வரியில் எல்லா அளவுகளையும் வாட், வோல்ட், ஆம்பியர், ஓம் என்று மாற்றி எழுதிவிட்டுப் பிறகே வகுக்க வேண்டும். விடை வந்ததும் "இது நடக்கக்கூடியதா?" என்று ஒரு நொடி பாருங்கள். ஒரு வாட்டர் ஹீட்டர் 0.0087 ஆம்பியர் எடுக்கும் என்றால் அது நம்பும்படியாக இல்லையே!

மூன்றாம் வகை: கேள்வியைச் சரியாகப் படிக்காதது.

"கீழ்க்கண்டவற்றுள் பொருந்தாதது எது?", "எது கூடாது?", "எதைத் தவிர மற்றவை சரி?" என்று வரும் கேள்விகளில், நாம் அவசரத்தில் சரியான ஒன்றைப் பார்த்ததும் குறித்துவிடுகிறோம். கேட்டது தவறான ஒன்றை. இரண்டு மின்தடைகள், 20 ஓம், 30 ஓம், என்று படித்ததும் கூட்டி 50 என்று எழுதுகிறோம். கேள்வியில் "இணையாக" என்று இருக்கிறது. விடை 12 ஓம். தொடராக இருந்தால்தான் 50. இந்த வகைத் தவறுக்கு மருந்து எளிது. "கூடாது", "தவிர", "இணையாக", "தொடராக", "குறைந்தபட்சம்" போன்ற சொற்களின் கீழ் பென்சிலால் கோடு இழுத்துவிட்டுப் பிறகு விடை எழுதுங்கள். வாயால் கேட்கப்படும் கேள்வியென்றால், பதில் சொல்வதற்கு முன் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொள்ளுங்கள்.

நான்காம் வகை: வேலையிடத்துப் பழக்கம் தந்த தவறு.

நம் பிள்ளைகள் அதிகம் கவனிக்க வேண்டியது இந்த வகை. ஐந்து ஆண்டுகள், பத்து ஆண்டுகள் வேலை பார்த்தவர் சந்தேகமே இல்லாமல் எழுதும் விடை இது. "நான் எத்தனை வீட்டில் செய்திருக்கிறேன்!" என்ற நம்பிக்கையோடு எழுதுவார். ஆனால் தவறாக இருக்கும்.

பழக்கத் தவறுகள் நான்கு

ஒன்று. "சுவிட்ச் எந்த வயரில் வர வேண்டும்?" எதில் வந்தாலும் விளக்கு அணைகிறதே என்று சிலர் நினைக்கிறார்கள். சுவிட்ச் ஃபேஸில்தான் வர வேண்டும். நியூட்ரலில் வைத்தால் சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டர் வரை ஃபேஸ் இருக்கும். பல்பு மாற்றப்போகும் வீட்டுப் பெண்ணுக்கு, "சுவிட்ச் ஆஃப்தானே" என்று நம்பிக் கைவைக்கும்போது ஷாக் அடிக்கும். தனி ஃபியூசும் நியூட்ரலில் வரக்கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

இரண்டு. "16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது. என்ன செய்ய வேண்டும்?" வேலையிடத்தில் வரும் பதில், "32 போட்டுவிடு, விழாது." விழாதுதான், ஆனால் வயர் சூடாகி உருகும். எம்.சி.பி. இருப்பது அதன் பின்னால் போகும் வயரைக் காப்பாற்ற. சரியான விடை: லோடு அதிகமா, எங்காவது ஷார்ட்டா என்று காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். லோடு உண்மையிலேயே தேவையென்றால் அதற்குத் தனி சர்க்யூட், அதற்கேற்ற தடிமனான வயர், அந்த வயருக்கேற்ற எம்.சி.பி. ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றும் பழக்கமும் இதே தவறுதான்.

மூன்று. "எர்த் இல்லாத வீட்டில் த்ரீ பின் சாக்கெட்டை எப்படி இணைப்பது?" எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது சிலருடைய வழக்கம். டெஸ்டரில் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. என்றாவது வரும் நியூட்ரல் விட்டுப்போனால், கிரைண்டர், ஃபிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ் ஆகியவற்றின் உடம்பு முழுவதும் ஃபேஸ் ஏறி நிற்கும். எர்த் இல்லையென்றால் எர்த் போட வேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது. பிளக்கில் எர்த் பின் மற்ற இரண்டையும் விட நீளமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. சொருகும்போது முதலில் எர்த் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும்.

நான்கு. "எம்.சி.பி. இருந்தால் ஷாக்கிலிருந்து பாதுகாப்பு உண்டா?" உண்டு என்று பலர் குறிக்கிறார்கள். எம்.சி.பி. அதிக லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் விழும். ஒருவர் உடம்பு வழியாகக் கசியும் மின்சாரம் ஆம்பியரில் மிகச் சிறியது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஆளைக் கொல்ல அது போதும். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இல்லை என்றால் உடனே விழுவது ஆர்.சி.சி.பி. ஆட்களைக் காப்பாற்ற வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியர் வகை. 30 மில்லி ஆம்பியர் என்பது ஒரு ஆம்பியரில் நூறில் மூன்று பங்கு.

இந்த நான்கையும் மாதிரித் தேர்வில் தவறாக எழுதினால் நான்கு மார்க் போகும். தேர்வு எழுதாமலே இருந்தால் அந்தத் தவறுகள் நம் வேலையிலேயே தங்கிவிடும். வத்தல்மலை மேலே ஒரு வீட்டுக்கு ஒயரிங் செய்துவிட்டு வந்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாருக்காவது பலமாக ஷாக் அடித்தால், கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாக இறங்கித் தருமபுரி அரசு மருத்துவமனைக்கு வந்து சேர வேண்டும். அந்த வீட்டார் நம்மை நம்பித்தான் சாவியைக் கொடுத்தார்கள். வீட்டில் உட்கார்ந்து எழுதிய தாளில் அந்தத் தவறு தெரியவந்தால், அது நமக்குக் கிடைத்த லாபம் என்றே எண்ண வேண்டும்.

நம்பிக்கையையும் குறித்து வையுங்கள்

இதற்கு ஒரு சிறு வழி இருக்கிறது. மாதிரித் தேர்வு எழுதும்போதே ஒவ்வொரு விடையின் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள். உறுதியாகத் தெரிந்தால் "உ". பாதி சந்தேகம் என்றால் "ச". குருட்டாம்போக்கில் குறித்தால் "கு". திருத்தும்போது இந்தக் குறி நிறையச் சொல்லும்.

"கு" போட்ட விடை சரியாக வந்திருந்தாலும் அதைத் தவறாகவே கணக்கில் எடுங்கள். அது அதிர்ஷ்டம், அடுத்த முறை வராது. "உ" போட்ட விடை தவறாகிப்போனால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். அந்தப் பக்கம்தான் உங்கள் நோட்டில் மிக முக்கியமான பக்கம்.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. 2001-இல் பட்டர்ஃபீல்ட், மெட்காஃப் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். சந்தேகத்தோடு சொன்ன தவறான விடையை விட, மிக உறுதியாகச் சொன்ன தவறான விடையே, சரியான விடை காட்டப்பட்ட பிறகு நன்றாகத் திருந்துகிறது. "நான் சரி என்று இருந்தேனே!" என்ற அதிர்ச்சி மனத்தை உற்றுக் கவனிக்க வைக்கிறது. ஆனால் அதற்குச் சரியான விடையையும் காரணத்தையும் அப்போதே பார்க்க வேண்டும். "புத்தகத்தில் அச்சுப் பிழையாக இருக்கும்" என்று தாண்டிப்போனால் அந்த வாய்ப்புப் போய்விடும். சில சமயம் அச்சுப் பிழையும் இருக்கலாம்தான். அப்போதும் இன்னொரு புத்தகத்திலோ, ஐ.டி.ஐ. ஆசிரியரிடமோ கேட்டு முடிவு செய்யுங்கள்.

நோட்டில் எழுதுவது எப்படி?

ஒரு தவறுக்கு எட்டு வரிகள். தேதி, கேள்வியின் சுருக்கம், நான் எழுதியது, ஏன் எழுதினேன், சரியான விடை, ஏன் சரி, எந்த வகைத் தவறு, மறுபடி எழுதிப் பார்க்க வேண்டிய தேதி. மாதிரிக்கு ஒன்று:

"கேள்வி: எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால்? நான் எழுதியது: பெரிய எம்.சி.பி. போட வேண்டும். குறி: உ. ஏன் எழுதினேன்: வேலையிடத்தில் அப்படித்தான் செய்கிறோம். சரி: காரணம் தேட வேண்டும்; எம்.சி.பி. வயரைக் காக்க. வகை: பழக்கம். மறுபடி: 3 நாள், 7 நாள், 21 நாள்."

"ஏன் எழுதினேன்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். சரியான விடையை மட்டும் எழுதிவைப்பவர் அதை மறந்துவிடுவார். தன் மனம் எந்த வழியில் போய்த் தவறியது என்று எழுதுபவருக்கு அடுத்த முறை அந்தத் திருப்பம் வரும்போதே எச்சரிக்கை வந்துவிடும்.

அந்த 31 மார்க் வாங்கிய தம்பியையே எடுத்துக்கொள்வோம். தவறிய 19-ஐப் பிரித்தபோது பாடம் தெரியாதது 6, கணக்கு 4, வாசிப்பு 3, பழக்கம் 6 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சரியான 31-இல் 5 "கு" குறி போட்டவை. ஆக அவனுக்கு உண்மையில் தெரிந்தது 26. இப்போது வேலை தெளிவாகிவிட்டது. ஆறு பாடப் பகுதிகளைப் படிக்க வேண்டும். கணக்கில் அளவு மாற்றும் பயிற்சி வேண்டும். முக்கியச் சொற்களுக்குக் கீழே கோடு போட்டுப் படிக்க வேண்டும். ஆறு பழக்கங்களை விட வேண்டும். ஊகித்த ஐந்தையும் கற்க வேண்டும். "இன்னும் நிறையப் படிக்கணும்" என்ற பொதுவான கவலை போய், எண்ணி முடிக்கக்கூடிய வேலையாகிவிட்டது.

வேலைக்குப் போய்க்கொண்டே எட்டு வாரத் திட்டம்

பகலெல்லாம் சுவர் உடைத்துவிட்டு வரும் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் படி என்று சொல்வது நியாயமில்லை. இஷா தொழுகைக்குப் பிறகு 40 நிமிடம், ஞாயிற்றுக்கிழமை காலை ஃபஜ்ருக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் போதும்.

முதல் ஞாயிறு, எதுவும் படிக்காமல் ஒரு மாதிரித் தேர்வு எழுதுங்கள். மார்க் எவ்வளவு வந்தாலும் கவலை வேண்டாம். எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளத்தான் அது. அடுத்த நாட்களில் தவறுகளை நோட்டில் ஏற்றி, வகைப்படி சரிசெய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு மாதிரித் தேர்வு. எட்டு வாரத்தில் மொத்தம் நான்கு. அதற்கு மேல் வேண்டாம். பத்துத் தாள்களை எழுதிவிட்டு மறப்பதை விட, நான்கு தாள்களை முழுதாகக் கற்பது நல்லது.

நோட்டைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. கேள்வியையும் விடையையும் சேர்த்துப் பார்த்து "ஆமாம், தெரியும்" என்று தலையாட்டுவது படிப்பு ஆகாது. விடையைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் நீங்கள் சொல்லுங்கள், பிறகு பாருங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-இல் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு இதைக் காட்டியது. திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். நமக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வரப்போவதில்லை. அதனால் 3, 7, 21 நாள் இடைவெளியில் மறைத்துவைத்துச் சொல்லிப் பாருங்கள். மூன்று முறையும் சரியாகச் சொன்ன கேள்வியை நோட்டில் அடித்துவிடலாம். ஒருமுறை தவறினாலும் முதலிலிருந்து தொடங்குங்கள்.

செய்முறைக்கும் இதே நோட்டு

கையால் செய்யும் வேலைக்கும் தவறு நோட்டு உதவும். ஒரு பலகையில் ஒரு விளக்கு-இரண்டு சுவிட்ச் இணைப்பு, அதாவது மாடிப்படி ஒயரிங், போட்டுப் பாருங்கள். முதல் முறையில் எரியவில்லை என்றால் உடனே பிரித்துவிடாதீர்கள். எந்த முனை எங்கே போனது என்று படம் வரைந்து, எங்கே பிசகியது என்று எழுதுங்கள். படத்தில் கண்டுபிடித்த தவறு கையில் தங்கும்.

சோதனை வரிசையையும் எழுதிப் பழகுங்கள். வேலை தொடங்கும் முன் மெயினை அணைக்க வேண்டும். ஃபியூஸ் கட்டையைக் கையோடு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்த பிறகே வேலை செய்யும் இடத்தில் வைக்க வேண்டும். பழுதான டெஸ்டர் எரியாததைப் பார்த்து "கரன்ட் இல்லை" என்று முடிவு செய்வதும் பழக்கத் தவறுகளில் ஒன்று. வீட்டு ஒயரிங்கில் இன்சுலேஷன் சோதிக்க 500 வோல்ட் மெகர். அது மின்சாரம் துண்டித்த ஒயரிங்கில் மட்டும் பயன்படுத்த வேண்டியது. பயிற்சி எதுவானாலும், தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் மின்சாரம் உள்ள லைனில் செய்துபார்க்கக் கூடாது.

வீட்டார் செய்ய வேண்டியது

அம்மாவோ, மனைவியோ, தங்கையோ மின்சாரப் பாடம் படித்திருக்க வேண்டியதில்லை. நோட்டை வாங்கிக் கேள்வியைப் படித்துக் காட்டினால் போதும். விடை நோட்டிலேயே இருக்கிறது. அவர் சொன்னது பொருந்துகிறதா என்று பார்க்கலாம். வாயால் சொல்லிப் பழகுவது தேர்வாளர் முன் நிற்கும்போது நடுக்கத்தைக் குறைக்கும். காரணத்தைப் படிக்காதவருக்கும் புரியும்படி சொல்ல முடிந்தால், அந்தப் பாடம் உண்மையிலேயே வந்துவிட்டது என்று அர்த்தம்.

தகப்பனார்களிடம் ஒரு வேண்டுகோள். "எத்தனை மார்க்?" என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். அந்தக் கேள்வியை மட்டுமே கேட்கும் வீட்டில் பிள்ளை தவறை மறைக்கக் கற்றுக்கொள்வான். சுலபமான தாளாகத் தேடி எழுதி 45 வாங்கிக் காட்டுவான். "இந்த வாரம் எது தவறியது? ஏன்?" என்று கேளுங்கள். பதில் சொன்னால் பாராட்டுங்கள். தவறைச் சொல்வதற்கு வீட்டில் பயமில்லாமல் இருந்தால், நாளை வேலையிடத்திலும் "அண்ணே, இந்த ஜாயின்ட் சரியில்லை, திரும்பப் போடுகிறேன்" என்று சொல்லும் தைரியம் வரும். மின்சார வேலையில் அந்தத் தைரியம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றலாம்.

ஒரே தெருவில் இரண்டு மூன்று பேர் தயாராகிறீர்கள் என்றால் ஞாயிறுதோறும் ஒன்றாக உட்காருங்கள். ஒருவர் தாளை மற்றவர் திருத்துங்கள். பக்கத்து ஆளின் தவறு நமக்கும் பாடம்தான். அதைக் கேலிப் பேச்சாக்காமல் இருப்பது மட்டும் நிபந்தனை.

அடுத்த அறிவிப்பு வரும் வரை காத்திராதீர்கள். இந்த ஞாயிறு ஒரு நோட்டு வாங்கி, ஒரு மாதிரித் தேர்வு எழுதி, "உ" குறி போட்டுத் தவறிய விடைகளை மட்டுமாவது சிவப்பு மையில் எழுதுங்கள். அவற்றைச் சரிசெய்த பிறகு திங்கட்கிழமை வேலைக்குப் போனாலே, இன்ஷா அல்லாஹ், உங்கள் கை நேற்றைவிடப் பாதுகாப்பான கையாக இருக்கும். சான்றிதழ் அதன் பிறகு வரும்.